கண்டக்டர் கவலைப்பட்ட நோயாளி

எழுபதுகளின் கடைசி. ஒன்றையொன்று சுற்றும் இரு நட்சத்திரங்கள் திடீரெனச் சீறியபோது, அவற்றின் எக்ஸ் கதிரைச் செயற்கைக்கோளும் ரேடியோ அலையை நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தொலைநோக்கியும் ஒரே நேரத்தில் பதிவு செய்தன. அந்த அலை கோடாக ஏறி இறங்கியிருந்த எங்கள் பதிவுத்தாள் சுருளைச் சூரமங்கலத்தில் இறங்கும்போது பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். இன்னொரு முறை கிடைக்காத பதிவு. ரயில்வே ஜங்ஷன் வாசலில் இடிந்துபோய் நின்றேன்.

ஒரு மணி நேரத்தில் அந்த பஸ்ஸின் கண்டக்டரே சுருளோடு தேடி வந்தார். ஒல்லியான மனிதர், விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“ஏனுங்க, ஊட்டுல யாருக்குங்க நெஞ்சுவலி? படத்துல கோடு தாறுமாறா ஏறுதுங்களே!”

“இது நட்சத்திரத்துல இருந்து வந்த அலைங்க.”

“அப்ப மனுசங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே?”

“இல்லீங்க.”

அவர் விட்ட பெருமூச்சு என்னுடையதைவிட நீளமாக இருந்தது. நான் நன்றி சொல்வதற்குள் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசி திறக்காமலே கனத்துத் தொங்கியது. இல்லாத ஒரு நோயாளிக்காக அவர் சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறார் என்பது ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.