வாய் எடுத்த கர்ப்பப்பை

மாதவிலக்கு தள்ளிப்போனதும் எனக்கு முதலில் வந்த பயம், வழி அடைத்துக்கொண்டதோ என்பதுதான். அடுத்த பயம், நோய் திரும்பிவிட்டதோ என்பது. குழந்தையாக இருக்கும் என்ற நினைப்பு வரவே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆரம்ப நிலைதான். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி இருந்தது. “பொதுவா மொத்தமா எடுத்துடுவோம். உங்களுக்குக் கட்டி சின்னது. வாயை மட்டும் எடுத்துட்டுப் பையை அப்படியே விட்டுடலாம். கீழே ஒரு தையல் போட்டுடுவோம், அது நிரந்தரமா இருக்கும்” என்று சொல்லி, சொம்பின் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார். நான் தலையாட்டினேன். என் கணவரும் தலையாட்டினார். வெளியே வந்ததும் “உனக்குப் புரிஞ்சுதா?” என்று அவர் என்னைக் கேட்டார். “உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் மாமா” என்றேன்.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, தழும்பு இறுகி வழி அடைத்துக்கொண்டால் மாதவிலக்கு நின்றுபோகும், அப்படி ஆனால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று பிறகு ஒரு பரிசோதனையின்போது சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் அது ஆறுதலுக்குச் சொன்னதுபோலவே என் காதில் விழுந்திருந்தது.

கணவருக்குச் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. நான் போய்ச் சொன்னதும் பாதி கட்டிய மோட்டாரை அப்படியே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். மறுநாள் பாண்டிச்சேரியில் டாக்டரம்மா முதலில் சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு ஸ்கேன்.

“அடைப்பு எதுவும் இல்லம்மா. நீங்க கர்ப்பமா இருக்கீங்க.”

என் கணவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். “நல்லா பாருங்க மேடம். கட்டியா இருக்கப்போவுது.”

“கட்டிக்கு இதயம் துடிக்காதுப்பா” என்றார் அவர்.

பஸ்ஸில் திரும்பினோம். திண்டிவனத்தில் அவர் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருக்கிறேனா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். ஏதோ இருந்தது. அதற்குப் பேர் தெரியவில்லை. செஞ்சி வந்து இறங்கும்போதும் பழம் கையில்தான் இருந்தது.

வீட்டில் மாமியாரிடம் சொன்னபோதுதான் வேறொரு குழப்பம் கிளம்பியது.

“அத்த, நான் முழுகாம இருக்கேன்.”

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, நான் சுகமாகத்தான் இருக்கிறேனா என்று சோதிப்பதுபோல ஈரக்கையை என் நெற்றியில் வைத்தார்.

“இன்னாம்மா சொல்ற? ஒனக்குத்தான் கர்ப்பப்பையே கெடையாதே.”

“யாரு சொன்னா?”

“ஒங்கம்மாதான் சொன்னாங்க. கர்ப்பப்பைல கட்டி, எடுத்துட்டாங்கன்னு.”

என் அம்மா சிங்கவரத்தில் இருக்கிறார். புற்றுநோய் என்ற சொல்லை வாயில் எடுக்கவே பயந்து, சம்பந்தி வீட்டுக்கு அந்த ஒரு வரியைத்தான் சொல்லியிருக்கிறார். எடுத்தது கட்டியை என்று அம்மா நினைத்துச் சொன்னார். பையை என்று மாமியார் கேட்டுக்கொண்டார். நாங்கள் இருவரும் நோயைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை. அதனால்தான் அத்தனை மாதங்களாக என்னிடம் குழந்தைப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்தேன். அது பெருந்தன்மைதான்; ஆனால் அவர் மன்னித்திருந்தது, எனக்கு நடக்காத ஒன்றை.

முதல்முறையாக எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லையும் சொன்னேன். அவர் களைந்த அரிசியை மறுபடி களைந்தார். பிறகு கேட்டார்:

“வாயே இல்லன்னா கொழந்த எப்டி வெளிய வரும்?”

“வயித்தக் கீறித்தான் எடுப்பாங்களாம்.”

“அதுவரைக்கும் தையல் தாங்குமா?”

“தெரியல அத்த.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

தாங்கும் என்று நம்புவதாகத்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்னாலேயே பிறந்துவிடலாம், நடுவில் கலைந்தும் போகலாம், பத்திரமாக இருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

மாமியார் தனக்குத் தெரிந்ததைத் தெருவிலும் சொல்லியிருந்தார் என்பது என் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தபோது தெரிந்தது. பின்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வேற டாக்டரப் பாரு. கட்டி மறுபடியும் பெருசாவுது பாரு” என்று கண் கலங்கினார். அது குழந்தை என்று சொன்னேன். “அப்டியா” என்றார். நம்பவில்லை. நான் என் மனதைத் தேற்றிக்கொள்ள அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கையில் பூ கொடுத்தார். சில ராத்திரிகள் அவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கும் தோன்றும்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலையில் ரத்தம் கண்டது. கொஞ்சம்தான். பாண்டிச்சேரிக்குக் கிளம்புவதற்குள் பயத்தில் பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் வர நேரமாகும் என்றார்கள். பணியில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க விளக்கைப் போட்டுக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. வாயே காணோமே.”

“எடுத்துட்டாங்கம்மா.”

“எடுத்துட்டாங்களா? அப்புறம் எப்டிக்கா...”

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெளியே நின்றிருந்த கணவர், உள்ளே என்ன ஆனதோ என்று கதவைத் தட்டினார்.

பாண்டிச்சேரியில் என்னைப் படுக்கவைத்தார்கள். பிரசவ வார்டில் இருந்தவர்கள், இது அந்த நோயின் ரத்தமா என்று புற்றுநோய்ப் பிரிவைக் கேட்டார்கள். அவர்கள், தையல் விட்டுவிட்டதா என்று இவர்களைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள். எந்தப் பதிலுக்கு வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று என்னைப் பற்றியது, ஒன்று குழந்தையைப் பற்றியது. கடைசியில், தையலுக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் புடைத்துக் கசிந்திருக்கிறது, இரண்டும் இல்லை என்றார்கள். அப்படி ஒரு மூன்றாவது இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எட்டாம் மாதம் நடுப்பகலில் பனிக்குடம் உடைந்தது. கார் பிடித்துப் போனோம். மாமியார் பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தாங்கிடுச்சி, இவ்ளோ நாள் தாங்கிடுச்சி இல்ல” என்று தையலிடம் பேசுவதுபோல வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். போனதும் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண். கோழிக்குஞ்சு போல இருந்தாள். சில வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு எங்களோடு செஞ்சிக்கு வந்தாள். பின்வீட்டு அக்கா வந்து அவளுடைய கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அவளையும் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பிறகு டாக்டரம்மா கேட்டார்: “இன்னொரு குழந்தை வேணுமா? வேண்டாம்னா, நோய் திரும்பாம இருக்கக் கர்ப்பப்பையை எடுத்துடறதைப் பத்தி யோசிக்கலாம். எடுத்தே ஆகணும்னு சொல்லல. நீங்கதான் முடிவு பண்ணணும்.”

வெளியே வந்து உட்கார்ந்தோம். “எடுத்துட்டா டென்ஷன் இல்ல” என்றார் கணவர். பிறகு, “ஆனா இருக்கட்டுமே” என்றார். நானும் அந்த இரண்டையும்தான் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் பசித்து அழ ஆரம்பித்தாள். துப்பட்டாவால் மறைத்துப் பால் கொடுத்தேன். உள்ளே போய் என்ன சொல்வது என்று அவர் கேட்டார்.

“இன்னும் தெரியலன்னு சொல்லு மாமா” என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார்.