மீட்டர் அடிக்காத மணல்

எங்கள் வீட்டுக்கு யாராவது பேயைப் பார்த்தேன் என்று வந்தால் அப்பா அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். காபி தீருவதற்குள் வந்தவர் தானாகவே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். தூத்துக்குடிக்குத் தெற்கே நாசரேத்துப் பக்கம் வாத்தியார் குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து, கணக்கும் விலங்கியலும் படித்து, கணினியில் மாதிரிக் கணக்குப் போடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் நான். காத்து கருப்பெல்லாம் என்னிடம் செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போது பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், நானே அப்படிப் பல பேரைப் பார்த்திருக்கிறேன்.

மணப்பாட்டுக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு துண்டு உண்டு, அங்கே மணல் கறுப்பாக இருக்கும். யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை, இயற்கையாகவே மோனசைட் என்கிற தாது கலந்த மணல், அதில் கொஞ்சம் தோரியம் இருக்கிறது, அதனால் கதிர்வீச்சு மீட்டரைக் கிட்டே கொண்டுபோனால் மற்ற இடத்தைவிட வேகமாக டிக் டிக் என்று அடிக்கும். அந்த மணலிலும் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். அந்தக் கதிர்வீச்சு முட்டைக்குள் இருக்கிற குஞ்சை என்ன செய்யும், அதனால் பின்னால் ஆமைக் கூட்டம் பெருகுமா அழியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. கணினிக்குள் ஒரு கடற்கரை, அதில் ஆமைகள், வருஷா வருஷம் முட்டை, அதில் இவ்வளவு பொரிக்கும், இவ்வளவு சாகும் என்று கணக்கு, அப்படியே பல தலைமுறைக்கு ஓட்டிப் பார்த்தால் ஒரு கோடு வரும். எத்தனை முறை ஓட்டினாலும் அந்தக் கறுப்பு மணல் துண்டின் கோடு இறங்கி இறங்கித் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

என் அறிக்கையைப் பார்த்துத்தான் வனத்துறையில் அந்தத் துண்டில் இனி ஆமைக் காவல் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க இருந்தார்கள். காவல் என்றால் ஜெசிந்தா. ஏறக்குறைய என் வயதுதான், கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஆமை முட்டையிட்ட குழியைச் சுற்றி வலை கட்டி, நாய் அண்டாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. காவலை எடுத்துவிட்டால் அங்கே இடுகிற முட்டையெல்லாம் நாய்க்குத்தான், அது எனக்கும் தெரியும். அந்த வருஷம் அந்தத் துண்டில் ஒரே ஒரு குழி. பொரிக்க வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, மணல் அசையவே இல்லை. வனத்துறை அனுமதியோடு குழியைத் திறந்து செத்த முட்டையை எண்ணிப் போட்டுவிட்டால் என் கணக்கு முடிந்துவிடும்.

வியாழக்கிழமை மதியம் குழிமேல் மீட்டரை வைத்துப் பார்த்தேன், சடசடவென்று அடித்தது. நாளைக்குத் திறக்கிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு பெரிய வெள்ளி சார். அன்னைக்கா தோண்டப் போறீங்க?"

"திங்கக்கிழமை அறிக்கை குடுக்கணும் ஜெசிந்தா. உள்ள ஒண்ணும் இருக்காது."

"ஒங்க கம்ப்யூட்டரு சொல்லுதாக்கும்?"

"ஆமா."

"அது என்னைக்காவது முட்ட போட்டுருக்கா?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று குரல் இறங்கி, "ஈஸ்டர் வரைக்கும் பொறுங்க சார், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இந்த ஒரு குழிக்காக நான் எத்தன நாளு இங்கன வந்து கெடந்துருக்கேன்" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். குழியைத் திறக்கிற அன்றைக்கே, திறக்குமுன், அதன் மேலே மீட்டரை வைத்து அளவு எடுத்தே ஆகவேண்டும், முந்தின நாள் பார்த்தது செல்லாது, தோண்டிவிட்டால் மணல் கலந்துபோய் அளவு உதவாது, அளவு இல்லாமல் திறந்தால் அந்தக் குழியையே கணக்கில் சேர்க்க முடியாது. இது நானே எழுதிவைத்த விதி. மீட்டரை வைத்தேன். சத்தம் இல்லை. அணைத்துப் போட்டேன், பேட்டரி மாற்றினேன், ஒன்றும் இல்லை. வலைக்கு வெளியே கொண்டுபோனால் ஜோராக அடிக்கிறது, திரும்பக் குழிமேல் கொண்டுவந்தால் கப்சிப். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், சுத்தமாக இல்லை என்பது நடக்கவே நடக்காத காரியம். உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்தாலும் மீட்டர் எப்போதாவது ஒன்று அடிக்கும், வானத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் நிறுத்த முடியாது.

எனக்கு வந்த கோபத்தில் மீட்டரைக் கடலில் எறிந்திருப்பேன். ஜெசிந்தா சிரித்தார். "ஆண்டவரு செத்த துக்கத்துக்கு எங்க கோயில் மணிகூட நேத்து சாயந்தரப் பூசையோட நின்னு போச்சு சார். எங்க சின்னக் கோயில்ல ஈஸ்டர் ராப்பூசை கெடையாது, ஞாயித்துக்கெழம காலப் பூசை வரைக்கும் மணியும் கெடையாது, பலகையத் தட்டித்தான் கூப்பிடுவோம். ஒங்க மீட்டருக்கும் துக்கம் போலுக்கு, ஈஸ்டர் மணி அடிச்சா அதுவும் அடிக்கும், பாத்துக்கிட்டே இருங்க." நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், எங்களுக்கு மணியை நிறுத்துகிற வழக்கம் எல்லாம் தெரியாது. விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது, அன்றைக்கு நான் தோண்ட முடியாதே.

சனிக்கிழமை செல்வினை வரச்சொன்னேன். என்னோடு படித்தவன், தூத்துக்குடியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். "ஏலே, வெயில்ல கெடந்து மண்ட காஞ்சிருக்கு ஒனக்கு" என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய மீட்டரைக் கொண்டுவந்து வைத்தான். அதுவும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு மேண்டிலை, அந்த வலைத் திரியை, எடுத்தான். அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் இருக்கும், மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைத்தான் வைத்திருக்கிறான். வலைக்கு வெளியே அதைக் காட்டினால் மீட்டர் பொரிகடலை வறுக்கிற மாதிரி அடிக்கிறது. அதையே குழிக்கு மேலே மீட்டரோடு ஒட்டிப் பிடித்தான். ஒன்றும் இல்லை. பிடித்த கையை எடுக்காமல் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில், "ஏலே, தோண்டாத" என்றான்.

"பயமாலே?"

"ஆமாலே, பயந்தான். இதுல என்னலே வெக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் நான் குழிக்குப் பக்கத்தில் இருந்தேன். மீட்டரை நடுவில் வைத்திருந்தேன். காலைப் பூசைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது, ஜெசிந்தா புதுச் சேலையோடு மணலில் ஓடிவந்தார், வந்ததும் மீட்டரைத்தான் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. மீட்டர் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தோம், அப்போதும் அடிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னார் என்று நான் நினைத்ததை அவர் உள்ளுக்குள் கெட்டியாக நம்பியிருந்திருக்கிறார். "அவ்வளவுதான் போலுக்கே சார்" என்று சொல்லி வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மாதிரிக் கணக்கு பொய்யாகப் போகட்டும், ஒரே ஒரு குஞ்சாவது வரட்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

அப்போது மீட்டர் சாய்ந்தது. அதற்கு அடியில் மணல் உள்வாங்குகிறது. முதலில் ஒரு மூக்கு, பிறகு ஒரு துடுப்பு, அப்புறம் பால் பொங்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. ஜெசிந்தா "மாதாவே, மாதாவே" என்கிறார், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வலையைத் தூக்கிவிட்டோம். எல்லாம் கடலைப் பார்த்து நடந்தன.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு அவற்றோடு நடந்தேன். குழியின் மேல் பிடித்துப் பார்த்தேன், பழையபடி அடித்தது. குஞ்சுகள் போகிற இடத்தில் பிடித்தேன், நின்றது. அவை தாண்டிப் போனதும் அந்த இடம் அடித்தது. நான் முன்னும் பின்னும் ஓடி ஓடிப் பார்த்தேன். சத்தமில்லாத அந்த இடம் மணலில் நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போனது, கடைசிக் குஞ்சை அலை எடுத்ததும் கரை முழுக்க டிக் டிக் என்று ஆகிவிட்டது.

மீட்டரைச் சோதனைக்கு அனுப்பினேன், பழுது இல்லை என்று திரும்பி வந்தது. அறிக்கையில் பொரித்த எண்ணிக்கையை மட்டும் எழுதினேன், மற்றதை எழுத அதில் எங்கே இடம் இருக்கிறது? என் மாதிரிக் கணக்கையும் பிரித்துப் பார்த்தேன். வேறு விலங்குகளுக்குப் பெரிய அளவில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த முடிவுகளை நேர்கோடாக இழுத்து இந்தச் சின்ன அளவுக்கும் பொருத்தியிருந்தேன், எது தெரியும் எது தெரியாது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் கெட்ட பக்கமே தள்ளியிருந்தேன். சரிசெய்து ஓட்டினால் கோடு தள்ளாடித் தள்ளாடி நிற்கிறது, சில ஓட்டத்தில் ஏறவும் செய்கிறது. காவல் தொடர்கிறது. அடுத்த வருஷங்களில் அந்தக் கறுப்பு மணலில் கூடுதலாகவே குழிகள் வந்தன, பொரித்தன, மீட்டரும் ஒழுங்காக அடித்தது. இதற்கெல்லாம் காரணம் கேட்டால் சொல்லுவேன். அந்த மூன்று நாளுக்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை.

போன மாதம் வேறு வேலையாகத் தூத்துக்குடியிலிருந்து தீவுப் பக்கம் படகில் போய்விட்டு வந்தோம். மீட்டர் ஓடிக்கொண்டே என் மடியில் இருந்தது. கடல்மேல் மெதுவாகத்தான் அடிக்கும், ஆனால் அடித்துக்கொண்டே இருக்கும். நட்டநடுக் கடலில், நல்ல வெயிலில், நின்றுவிட்டது. படகு போய்க்கொண்டே இருக்கிறது, அது அடிக்கவே இல்லை. துறைமுகத்து அலைத்தடுப்பு கிட்ட வந்த பிறகுதான் ஒன்று அடித்தது. அவ்வளவு தூரமும் எங்களுக்குக் கீழே ஏதோ எங்கள் வேகத்துக்கே கூட வந்திருக்கிறது. குனிந்து தண்ணீரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கரையேறியதும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"எட்டிப் பாத்துருக்கலாம்லா சார்" என்றார். "நல்லா வளந்துருக்கும்."