தண்ணீர் டேங்கைச் சுற்றிய வேண்டுதல்

பிசியோதெரபிஸ்ட் என்றால் கரண்ட் வைக்கிறவர் என்றுதான் நம் ஜனங்களுக்கு நினைப்பு. "மேலே தூக்குங்க, மெதுவா இறக்குங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதை யாரும் வைத்தியமாகவே மதிப்பதில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகபாவிகளே, கும்மிடிப்பூண்டி பஜாரில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஊட்டு நடை

தேசம்மாளுக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நடக்கும்போது பாதம் தொங்கும். அது தரையில் இடிக்காமலிருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார். பரம்பரை நரம்புக் கோளாறு, மருந்து கிடையாது, உடற்பயிற்சிதான் என்று சொல்லி பெரியாஸ்பத்திரியிலிருந்து என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டேன். சத்தியமாக யாருக்கும் இல்லை என்றார். கூட வந்த அண்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவரும் முழங்காலைத் தூக்கித் தூக்கித்தான் போனார். எனக்கு வந்ததே கோபம்! "அப்ப இது இன்னாங்க?" என்று நானும் அவர்கள் பாஷையிலேயே எகிறினேன். தேசம்மாள் பொறுமையாக விளக்கினார்.

"இது நோவு இல்ல டாக்டரம்மா. எங்க நைனா, அண்ணன், அத்தை, எங்க ஊட்ல எல்லாருமே இப்டிதான் நடப்போம்."

செருப்பு

பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ள, செருப்போடு மாட்டும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் தேசம்மாளின் கவலை வேறு. மகள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பெரியபாளையத்து அம்மனுக்கு, உடம்பெல்லாம் வேப்பிலையால் மூடிய வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். போன ஆடியில் பாதிச் சுற்றிலேயே விழுந்துவிட்டார். "உன்னால ஆவாது, நானே சுத்திர்றேன்" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். தேசம்மாள் ஒப்பவில்லை. "எம் பொண்ணுக்கு நான்தான் சுத்தணும்" என்றார். பட்டை மாட்டிக்கொண்டு தாராளமாகச் சுற்றுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"செருப்புக் காலோட கோயிலுக்குள்ள போனா ஆத்தா சும்மா வுடுவாளா? படிச்சவங்கதானே நீங்க?"

டேங்க் பிரகாரம்

வேறு வழி? வெறுங்காலில் நிற்கவும் திரும்பவும் பழக்கினேன். அம்மணி அவசரப்பட்டு, வீட்டில் காலில் செங்கல்லைக் கட்டித் தூக்கிப் பார்த்து, மறுநாள் பாதம் எழும்பவே இல்லை என்று வந்து நின்றார். இந்த நரம்பை விரட்டி வேலை வாங்கினால் படுத்துக்கொள்ளும் என்று காட்டுக்கத்தல் கத்தினேன்.

கோயில் தரை ஈரம், வேப்பஞ்சேலையில் காலை அகட்டவும் முடியாது. அதனால் மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றி, அவர் இடுப்பில் கோணிச்சாக்கைக் கட்டிவிட்டு, தண்ணீர் டேங்கைச் சுற்றவிட்டேன். விழுந்தால் பிடிக்க நானும் பின்னாலேயே. மேலே என்ன கூத்து என்று கீழேயிருந்து மெடிக்கல் ஷாப் முதலாளி பாய் ஏறி வந்தார். சாக்கையும் டேங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நடத்துங்க டாக்டரம்மா. டேங்குக்குக் காட்டக் கற்பூரம் வேணும்னா சொல்லி அனுப்புங்க."

ஆடி ஞாயிறு

பெரியபாளையத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வேப்பிலைக்குள் முகம் மட்டும் தெரிய, தேசம்மாள் அடிமேல் அடி வைத்தார். மாமியார் முன்னால், நான் பின்னால். போன வருஷம் விழுந்த மூலை வந்தபோது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டேன். தாண்டிவிட்டார்! மாமியாரே "தாயே!" என்று கத்திவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, கல் குத்தினாலும் தெரியாது. ஓரமாக உட்காரவைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மகள் தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தாள், முழங்காலைத் தூக்கித் தூக்கி. நான் அவள் காலையே பார்த்தேன். தேசம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஊட்ல எல்லாம் நம்ம நடைன்னு சிரிச்சிக்கினு கீறாங்க, எனக்கு சிரிப்பு வர்ல. நாளைக்கே இவள இட்டாறேன். அழுதது போதும், கடையச் சீக்கிரம் தொறங்க."

மற்ற டாக்டர்களிடம் நோயாளி குணமாகிக் கிளம்பிவிடுவார், நம்மிடம் மட்டும்தான் நன்றாக நடந்துபோய் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்.