கிளியம்மாள் தைத்த சீட்டு

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சீட்டுக் கடை வைத்திருக்கிறேன். பஸ், லாரி, ஆட்டோ, சலூன் நாற்காலி, எது வந்தாலும் ரெக்சின் மாற்றித் தருவேன். ஞானராஜ் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். என்னிடம் சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வரிசையில் கிளியம்மாளுக்குத்தான் முதல் இடம்.

மரக்காணத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் குப்பம் அவளுடையது. புருஷன் பச்சமுத்து ஒரு விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போனவன் போனவன்தான். அவன் விட்டுப்போன ஃபைபர் படகை வேறொருத்தியாக இருந்தால் விற்றிருப்பாள், இல்லையென்றால் கொழுந்தன் சுதாகரிடம் கொடுத்துவிட்டு மீன் கூடையைத் தூக்கியிருப்பாள். இவள் படகில் எட்டு சீட்டுப் போட்டு, வெளியூர்க்காரர்களை ஏற்றிக் கழிமுகத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். இன்ஜினைப் பிடித்ததும் அவளேதான்.

பொம்பளை படகேறினால் மீன் அற்றுப்போகும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. ஊரே கொதித்தது. படகில் மூத்திரம் பெய்தார்கள். கல்லெறிந்தவன் ஒருவனை அவள் மணலில் தள்ளி, வாய் நிறைய மண்ணைத் திணித்தாள். கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டபாணி ஒரு முடிவு சொன்னார். படகு கழியைத் தாண்டிக் கடலுக்குள் போகக் கூடாது. ஏறுகிறவர்கள் யாரும் குறை சொல்லக் கூடாது. ஒரு புகார் வந்தாலும் படகு சுதாகருக்கு. கிளியம்மாள் ஒத்துக்கொண்டாள்.

என் கடைக்கு அவள் முதலில் வந்தது அதற்கப்புறம்தான். மகன் வெற்றிவேல் பைக்கில் கொண்டுவந்து விட்டான். விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை செய்கிற பையன், மடிப்புக் கலையாத சட்டை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தெருவிலேயே நின்றான். அவள் சாக்கைக் கவிழ்த்தாள். கிழிந்த மெத்தை நான் எவ்வளவோ பார்த்தவன். இது கிழிந்ததில்லை, குத்தியது. குத்திய ஓட்டைக்குள் கையை விட்டு ஸ்பாஞ்சைக் குடலை உருவுகிற மாதிரி உருவிப் போட்டிருந்தார்கள். 

"யாரும்மா இந்த வேலைய பண்ணது?"

"என் கொழுந்தன்தான், வேற எவன்? அமாவாசைன்னா ஊரே மலையனூர் கோயிலுக்குப் போயிடும். அவன் மட்டும் குடிச்சிட்டு ஊட்ல கெடப்பான். போய்ட்டு வந்து பாத்தா இப்டி இருக்குது."

"வச்சிட்டுப் போ. நாளைக்கே முடிச்சுத் தர்றேன்."

"உன் வேலை எனக்கு வேணாம்ண்ணா. நீ அடிக்கிற பின்னு உப்புக் காத்துல துருப்புடிச்சி ரெக்சினையே தின்னுடும். சரக்க மட்டும் குடு. நானே தச்சிக்கறேன்."

எனக்கு வந்த கோபத்தில் ரெக்சினைச் சுருட்டி அவள் முன்னால் எறிந்தேன். அவள் அதை நிதானமாகப் பிரித்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவள் தைக்கிற லட்சணத்தைப் பார்க்கலாம் என்று மரக்காணம் பக்கம் போனேன். படகு நிழலில் குந்திக்கொண்டு, கோணி ஊசியில் தூண்டில் போடுகிற தங்கூஸ் நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ரெக்சினைப் பலகைக்கு அடியில் இழுத்து, வலை முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தாள். பின் ஒன்றுகூட இல்லை. கையால் பிய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. மூலை மடிப்பு மட்டும் மளிகைப் பொட்டலம் மாதிரி இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. "உன் கண்ணு மூலையிலதான் போவுது" என்று சிரித்தாள்.

அடுத்த அமாவாசையிலும் குத்தினார்கள். இந்த முறை அவள் என்னிடம் வருவதற்கு முன்னால் சுதாகரிடம் போனாள். அவன் வாசலில் படுத்திருந்தான். எழுப்பிக் கேட்கவில்லை. துடுப்பால் அடித்தாள். தடுக்கத் தூக்கிய வலது கை மணிக்கட்டில் உடைந்து தொங்கியது. "நான் இல்ல அண்ணி, அம்மா மேல சத்தியமா நான் இல்ல" என்று அவன் கத்தக் கத்த, தோளிலும் முதுகிலும் மேலும் விழுந்ததாம். நாலு பேர் சேர்ந்து துடுப்பைப் பிடுங்கினார்கள்.

பஞ்சாயத்து கூடியது. கை உடைந்தவனுக்கு நியாயம் கேட்க வந்தவர்களைப் பார்த்து இவள் நியாயம் கேட்டாள். படகு கடற்கரைக்காரனுக்குச் சோறு. அதில் கத்தி வைக்கிறவன், எவன் பெற்ற பிள்ளையானாலும், இனி இந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. ஊரார் அவனோடு பேசக் கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது. கங்கையம்மன் கோயிலில் எல்லாரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். செய்தார்கள். முதலில் சூடத்தின் மேல் கையை வைத்தவள் அவள்தான்.

மூன்றாம் முறையும் சாக்கோடு வந்து நின்றபோது எனக்கே பொறுக்கவில்லை.

"கட்டுப் போட்ட கையோட அவன் எப்பிடிம்மா குத்துவான்?"

"இன்னொரு கை இருக்குதில்ல?"

அப்படியே என் கண்ணைப் பார்த்தாள். நான் ரெக்சினை அளக்கப் போய்விட்டேன். வேறு யாராகவும் இருக்கக் கூடாது என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கடுத்த அமாவாசை மத்தியானம். கடையில் ஒரு பஸ் சீட்டை உரித்துக்கொண்டிருந்தேன். மலையனூர் போகிற வேன் பாலத்தடியில் நின்றது. தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கிளியம்மாள் மட்டும் இறங்கினாள். வேன் போனதும் நேராக என்னிடம் வந்தாள்.

"ண்ணா, வண்டிய எடு. ஜல்தியா."

"எங்கம்மா?"

"ஊருக்கு. மெத்தையில தூண்டில் வெச்சிருக்கேன்."

சுறாவுக்குப் போடுகிற பெரிய தூண்டில். மூன்றை ஸ்பாஞ்சுக்குள் புதைத்து, கயிற்றைப் பலகையோடு கட்டித் தைத்துவிட்டாளாம். குத்துகிறவன் எப்படியும் கையை உள்ளே விட்டு உருவுவான், விட்டால் மாட்டுவான். கருவாட்டைத் திருட வருகிறவர்களுக்கு அவள் அப்பா கூடையில் அப்படித்தான் வைப்பாராம்.

"சனங்க குந்துற சீட்டும்மா அது!" என்று கத்தினேன்.

"நேத்து சாயங்காலம் கடைசி சவாரி எறக்கிட்டுதான் வெச்சேன். நீ வண்டிய எடுண்ணா."

போகாமலிருக்க என்னால் முடியவில்லை. 

குப்பத்துக்குள் நுழையும்போதே அலறல் கேட்டது. கரையில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கிளியம்மாள் வண்டி நிற்பதற்குள் குதித்து, கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். "மாட்னியாடா, மாட்னியா" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. படகை எட்டியவள் ஓங்கிய துடுப்போடு அப்படியே நின்றாள்.

படகுக்குள் வெற்றிவேல் முழங்காலிட்டிருந்தான். வலது கை முழங்கை வரை மெத்தைக்குள். வெளியே இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, வெள்ளை ஸ்பாஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. கத்தி காலடியில் கிடந்தது.

"எடுத்து உடும்மா, எடும்மா, உயிர் போவுது."

துடுப்பு அவள் கையிலிருந்து நழுவியது. என்னிடம் திரும்பி, "கட்டிங் பிளேயர் இருக்குதா?" என்றாள். வண்டிப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். ரெக்சினை அறுத்து, கயிற்றை நறுக்கி, கையை வெளியே எடுத்தாள். ஒரு தூண்டில் உள்ளங்கையில், ஒன்று முன்கையில்.

தூண்டில் முனையில் எதிர்முள் உண்டு. போன வழியே இழுத்தால் சதையைப் பிய்க்கும். முன்பக்கமாகவே தள்ளித் தோலைக் கிழித்து வெளியே கொண்டுவந்து, முள்ளை நறுக்கிவிட்டுத்தான் உருவ வேண்டும். அவன் மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, பெற்ற பிள்ளையின் கையில் அதைச் செய்தாள். அவன் அவள் தோளைக் கடித்தான். அவள் விலகவில்லை. இரண்டாவது வெளியே வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏன்டா?"

"உன் படகுல ஏறினவனுங்க எடுத்துப் போட்ட வீடியோவ வச்சிக்கினு கடையில எல்லாம் சிரிக்கறானுங்க. போட்டுக்காரி மவன்றானுங்க. எனக்குப் பேசின சங்கவி ஊட்ல அதைச் சொல்லித்தான் பொண்ணு இல்லன்னுட்டாங்க. படகு சித்தப்பாகிட்ட போயிட்டா நீ ஊட்ல குந்தினு இருப்பன்னு..."

அவள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அப்போதுதான் பார்த்தேன், கொஞ்சம் தள்ளி சுதாகர் நின்றிருந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

நான் அவள் காதருகே போனேன். "பையனை நான் ஏத்திக்கினு போயிடறேன். சுதாகர்கிட்ட நான் பேசிக்கறேன். யாருக்கும் தெரியாது."

"அவன் கை ஒடைஞ்சது அவனுக்குத் தெரியுமேண்ணா" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "சுதாகரு, தலைவரைக் கூட்டினு வா" என்றாள்.

மூட்டுவலியால் மலையனூர் போகாமலிருந்த கோதண்டபாணி தடியூன்றி வந்தார். பின்னால் பெரியவர்கள் சிலர். இரத்தத்தையும் கத்தியையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சின்னப் புள்ளம்மா. அபராதம் போட்டு உட்டுடலாம்" என்றார்.

"சுதாகரா இருந்தா உடுவீங்களா?"

கிளியம்மாள் காலடியில் கிடந்த கத்தியை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"சூடம் நான்தானே மொதல்ல அடிச்சேன்? போவச் சொல்லுங்க."

தலைவரால் சொல்ல முடியவில்லை.  அவளேதான் சொன்னாள். "போடா. இந்தக் கரையில இனிமே உன் காலு படக் கூடாது."

வெற்றிவேல் எல்லார் முகத்தையும் பார்த்தான். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தான். பிறகு என் வண்டியை நோக்கி நடந்தான். அவன் முதுகைக் காட்டியதும் கிளியம்மாள் படகுக்குள் மடங்கி விழுந்து, கிழிந்த மெத்தையில் முகத்தைப் புதைத்தாள். முதுகு எகிறி எகிறி விழுந்தது. வாய்க்குள் ஸ்பாஞ்சைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே சத்தம் கேட்கவில்லை.

அவனைப் பின்னால் உட்கார வைத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கட்டுத் துணியிலிருந்து இரத்தம் என் சட்டையில் சொட்டியது. அவனைத் தள்ளிவிட வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பாதி வழியில் காதருகே கேட்டான்.

"அங்கிள், அம்மா அழுதுச்சா?"

அவள் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நான் எப்படிச் சொல்வேன்?

"இல்லடா" என்றேன்.

அவன் என் தோளில் தலையை முட்டி முட்டி அழ ஆரம்பித்தான். நான் வண்டியை நிறுத்தவில்லை.