சும்மா படுத்திருக்கும் மீன்

அன்ரோனெற் கூட்டித் துடைக்கப் போகும் கந்தோரில் வரவேற்பு மேசையை மாற்றினார்கள். மேசையோடு அதன் மேலிருந்த மீன்தொட்டியும் வேண்டாததாகிப் போயிற்று. மீனைக் கொட்டிவிட்டுத் தொட்டியைப் பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள். அவள் கொட்டவில்லை. கேட்டு வாங்கி, மீன்களை மூடி போட்ட வாளியிலும் தொட்டியை மடியிலுமாக ஓட்டோவில் பள்ளிமுனை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புருஷன் எமிலியானுஸின் கதிரைக்கு நேர் முன்னால், கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தாள். ஐந்து மீன்கள். பெருவிரல் நீளம், சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், வாயோரம் இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. ஒன்றும் நீந்தவில்லை. ஐந்தும் தரைக்குப் போய் நீலக் கற்களின்மேல் வயிற்றை வைத்துக்கொண்டன.

"இதையாவது பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

பதினொரு வருடத்தில் அவள் எமிலியானுஸிடம் ஒரு உயிரை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் ஒப்படைத்தது தன் தம்பி சந்தியோகுவை.

எமிலியானுஸ் அப்போது சங்கு குளிப்பவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பாகம் ஆழத்துக்கு இறங்கி, மணலில் சங்கு ஊர்ந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எடுப்பார். அவரைப்போல் கோடு பார்க்கிறவன் மன்னாரில் இல்லை என்று மற்றக் குளியாட்களே சொல்வார்கள். சந்தியோகுவுக்கு இருபத்துநாலு வயதானபோது அன்ரோனெற்தான் அவனையும் கூட்டிப் போகச் சொன்னாள். "அத்தானுக்குப் பக்கத்தில நிண்டா எனக்குப் பயமில்லை" என்றாள்.

சிலாவத்துறைக்கு வெளியே கடலில், அன்றைய ஐந்தாவது இறக்கத்தில் அது நடந்தது. இருவரும் ஒரே மூச்சில் மேலே வந்தார்கள். அடியில் அவ்வளவு நேரம் இருந்தவன் நின்று நின்று ஏற வேண்டும்; நேரே ஏறினால் இரத்தத்தில் காற்று குமிழியாகிவிடும். அது இருவருக்கும் தெரியும். படகு கரைக்கு வருமுன்பே சந்தியோகு முடிந்துபோனான். எமிலியானுஸுக்கு இடுப்புக்குக் கீழே பாதி போயிற்று. இரண்டு பொல்லுகளை ஊன்றிக் கிணற்றடிவரை போய் வருவார். மிச்ச நேரம் கதிரை.

செத்த வீட்டன்று அன்ரோனெற் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அவசரமா வந்தனீங்கள்?"

"காத்து முடிஞ்சுது" என்றார்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பேச்சு மட்டும் வரவர இறங்கி, தேவைக்கு என்றாகி நின்றது. மீன் வந்த பிறகு அதில் ஒரு வசனம் கூடியது. வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "மீன் எப்பிடி?"

"அஞ்சும் இருக்கு" என்பார்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவர் பகல் முழுவதும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்குழாய் மூலையில் குமிழி விட்டது. மீன்கள் தரையிலேயே கிடந்தன. சில நேரம் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். அசைவே இராது. அப்படிக் கிடப்பதைக் கண்டால் அவர் குனிந்து நகத்தால் கண்ணாடியில் தட்டுவார். மீன் துள்ளி ஓடி மறு மூலையில் ஒட்டும். உயிர் இருக்கிறது என்று அவருக்கு மூச்சு வரும். நாளுக்கு இருபது முப்பது தடவை தட்டினார்.

நீலக் கல் அவருக்குப் பிடிக்கவில்லை. தரை என்றால் மணல். அது அவருக்குத் தெரிந்த விஷயம். கரையிலிருந்து ஒரு வாளி மணல் அள்ளி வரச் சொன்னார். அன்ரோனெற் கொண்டுவந்து மூன்று தண்ணீரில் அலசிப் போட்டாள். அன்று மீன்கள் மீசையை மணலுக்குள் விட்டுத் துழாவித் துழாவி நடந்தன. கலங்கிய நீரில் சங்குக்காரன் கையை விட்டுத் தேடுவதும் அப்படித்தான். அன்றைக்கு, "அஞ்சும் இருக்கு. நல்லாத் தேடுதுகள்" என்று இரண்டு வசனம் சொன்னார். அவள் ஒரு செருப்போடு வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மீன் வந்து மூன்றாம் கிழமையில் மீசை குறைந்திருப்பதைக் கண்டார். முதலில் கண்தான் மங்குகிறது என்று நினைத்தார். பிறகு மீன்கள் மேலே பாயத் தொடங்கின. தரையில் கிடக்கும் ஒன்று திடீரென்று அம்புபோல் கிளம்பி, நீர்மட்டத்தில் ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே விழும். சற்று நேரத்தில் இன்னொன்று. எமிலியானுஸுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அடியில் கிடப்பது அவ்வளவு வேகமாக மேலே வரக்கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்; திருப்பினாலும் நீர் தெறிக்கும் சத்தம் கேட்டது.

ஒரு சிறிய ரியூப்பை வாயில் வைத்து இழுத்து, தொட்டித் தண்ணீரைப் பாதிக்குக் குறைத்தார். ஏறவேண்டிய தூரம் குறையட்டும் என்பது அவருடைய கணக்கு.

மீன்கள் முன்னிலும் அதிகமாகப் பாய்ந்தன. இரண்டாம் நாள் ஒன்று வயிறு மேலே தெரிய மிதந்தது. அன்று பின்னேரம் "நாலு" என்றார். அன்ரோனெற் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் "மூண்டு". அதற்கடுத்த நாள் அவளே தாராபுரத்து வஸீருக்குப் போன் எடுத்தாள். வஸீர் பட்டினத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவன். கந்தோரில் இருந்தபோது தொட்டியைக் கழுவ வந்தவனும் அவன்தான்.

வஸீர் மோட்டார்சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்தான். தொட்டியைப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து நின்றான்.

"அண்ணே, இதென்ன தொட்டியோ, குடிச்சிட்டு மிச்சம் வைச்ச தண்ணியோ?"

"மேல ஏறக் கஷ்டப்பட்டுதுகள். அதுதான் குறைச்சு விட்டனான்."

"நல்ல காரியம். ஒரு அறைக்குள்ள புகை அடைஞ்சிட்டுது எண்டு அறையைச் சின்னனாக்கின மாதிரி." மணலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். "அல்லாஹ்வே. கடல் மண்ணோ?"

"தரைக்கு மண்தானே வேணும்."

"மண் வேணும். சிப்பி வேண்டாம். இந்த உடைஞ்ச சிப்பி முழுக்கக் கத்தி. இதுகளுக்குக் கண்ணைவிட மீசைதான் பெரிசு. அதால தடவித்தான் சாப்பாடு எடுக்கும். அது தேய்ஞ்சு புண்ணாப் போச்சு. எடுக்கேலாத சாப்பாடு மண்ணுக்க கிடந்து அழுகி, தண்ணியும் கெட்டுது. கெட்ட தண்ணியில மூச்செடுக்கேலாமத்தான் மேல பாயுது."

"அப்ப மேல வாறதால சாகேல்லையோ?"

வஸீர் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவருடைய கால்களையும் பார்த்தான். குரலைக் கொஞ்சம் இறக்கினான்.

"இல்லை அண்ணே. இதுகளின்ர சாதியே அப்பிடி. நல்ல தண்ணியிலயும் இடைக்கிடை மேல வந்து காத்துக் குடிச்சிட்டுப் போகும். அது பழக்கம். ஓயாமல் வந்தாத்தான் ஏதோ நோய் வருத்தம்."

மூன்றில் ஒன்று சிவந்த வயிற்றோடு சாய்ந்து கிடந்தது. அதை அவன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு பையில் போட்டுக்கொண்டான். மிச்ச இரண்டும் தரையில் அசையாமல் கிடந்தன. எமிலியானுஸின் கை தன்பாட்டில் போய்க் கண்ணாடியில் தட்டியது.

"என்ன செய்றியள்?"

"உயிர் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாப்பியள்?"

எமிலியானுஸ் கையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"உங்களைத் தகர டிரம்முக்குள்ள படுக்க விட்டுட்டு நான் வெளியில நிண்டு பொல்லால அடிக்கட்டோ? அதுக்கு அப்பிடித்தான் கேக்கும். அண்ணே, கிட்ட வாங்கோ. செவுளைப் பாருங்கோ, மெல்ல அடிக்குது. கண்ணைப் பாருங்கோ. பொறுங்கோ... இந்தா, ஒருக்கா உருட்டினது. கண்டியளோ? அது சும்மா படுத்திருக்கு. தரையில கிடக்கிறதுதான் அதுக்கு வாழ்க்கை. உங்களுக்கு அது சாகிற மாதிரித் தெரிஞ்சா மீன் என்ன செய்யும்?"

நானாட்டான் பக்கத்து ஆற்றுமணல் கொண்டுவந்து போட்டான். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு, நாளுக்குக் கால்வாசியாக மாற்றச் சொன்னான். போகும்போது, "பாருங்கோ. எவ்வளவும் பாருங்கோ. கையை மட்டும் வைக்காதேங்கோ" என்றான்.

எமிலியானுஸ் கையை வைக்கவில்லை. விரல்களை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவுள் அடிப்பதைப் பார்த்தார். கண் உருளுவதற்குக் காத்திருந்தார். எப்படியும் உருண்டது. ஒருதரம் உருண்டபோது அவர் அழுதார். வீட்டில் அப்போது யாரும் இல்லை.

ஆறாம் நாள் காலை. அன்ரோனெற் வேலைக்கு வெளிக்கிட்டு, கண்ணாடி பார்ப்பதுபோலத் தொட்டி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"இஞ்ச, இது அசையேல்ல."

"எது?"

"இது. குழாயடியில. முடிஞ்சுது போல." குனிந்து விரலைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனாள்.

எமிலியானுஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அவளைத் தொட்டு எத்தனை காலம் என்று இருவருக்கும் தெரியாது.

"தட்டாதை. சும்மா படுத்திருக்கு. செவுளைப் பார்."

அவள் பார்த்தாள். மெல்ல அடித்தது.

"ஓம்" என்றாள்.

அவர் பிடியை விடவில்லை.

"சந்தியோகுவும் அப்பிடித்தான் படுத்திருந்தவன்" என்றார்.

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குப்புறக் கிடந்தான். அசைவில்லை. மயங்கிட்டான் எண்டு நினைச்சுப் போட்டன். குமிழி வருதோ எண்டுகூடப் பாக்கேல்ல. பெல்ற்றில பிடிச்சு ஒரே இழுவையா இழுத்துக்கொண்டு வந்தன். மேல வந்து வாய்க்குழாயைக் கழட்டினவுடன என்னை ஏசினவன். 'ஏன் அத்தான் இழுத்தனீங்கள், சங்கில கை வைச்சிருந்தனான்' எண்டு. முழங்கைவரை கையை மண்ணுக்க விட்டுச் சங்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். படகுக்காரனுக்கு மெசின் சத்தத்தில கேக்கேல்ல. காத்து முடியேல்ல, அன்ரோனெற். ரெண்டு பேருக்கும் இருந்தது."

வெளியே மீன் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டு நிற்கவுமில்லை. அது அவருடைய பிடிக்குள் ஒரு பொருள்போல இருந்தது.

அவள் கேட்டாள்.

"தோளில ஒருக்காத் தட்டிப் பாத்திருக்கலாமே?"

"ஓம்" என்றார். "தட்டியிருக்கலாம்."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். சீப்பைத் தொட்டி மூடியின்மேல் வைத்தாள். அரைவாசி வாரிய தலையை அப்படியே முடிந்துகொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பின்னேரம் வழமையான நேரத்துக்கு வந்தாள். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். கதிரையைக் கடந்து குசினிக்குள் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. அரிசி அலசும் சத்தம் கேட்டது.

எமிலியானுஸ் தொட்டியைப் பார்த்தார். குழாயடியில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் மற்றது.

"ரெண்டும் இருக்கு" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அரிசி அலசும் சத்தம் நின்றது. அவர் காத்திருந்தார். பிறகு அது திரும்பவும் தொடங்கியது.