மோசஸின் இடுப்பில் ஒரு விரற்கடை

நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று ராயபுரம் மண்மேல் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன். நேற்றுக் காலை மோசஸின் மகள் போன் செய்து, "மாமா, அப்பா போய்ட்டாரு" என்றாள். மாரடைப்பு. கையில் டீ கிளாஸ் இருந்ததாம். ஓடிப்போய்ப் பார்த்தால், அதற்குள் தெருமுனையில் சுவரொட்டி: 'புற்றுநோயுடன் போராடி மறைந்தார்.' கிழித்துப் போட்டேன். மோசஸை அது கொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பே அவன்தான் அதைக் கொன்றான். ஹார்பரில் அவனோடு வேலை பார்த்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்டெய்னர் கிரேனில் ஏறினால், அந்தமானில் யார் துணி காயப்போடுகிறார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் மோசஸ். அப்பேர்ப்பட்டவனுக்கு மலக்குடலின் அடிப்பக்கத்தில் கட்டி. முதலில் கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டர். கட்டி சுருங்கினால் ஆசனவாய் தப்பும். சுருங்காவிட்டால் ஆயுசுக்கும் வயிற்றில் பை.

"பையக் கட்டிக்கினு கிரேன் ஏற வுடுவானுங்களா மாமு?" என்று கேட்டான்.

"உன்னப் பாத்தா கிரேனே எறங்கி வரும்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

வயிற்றுக்கு ஓட்டை விட்ட பலகையில் குப்புறப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் சிறுகுடல் கதிருக்கு வழிவிட்டு மேலே ஒதுங்குமாம். மோசஸ் குடித்த தண்ணீரில் செங்குன்றம் ஏரி ஓரடி இறங்கியது. அந்தப் படத்தை வைத்து, கதிர் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு அகலத்தில் பாய வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு அடையாளமாகப் பின்னிடுப்பில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என ஊதா மையில் மூன்று கூட்டல் குறிகள். "அழியாமப் பாத்துக்குங்க" என்றார் டெக்னீஷியன் அம்மா.

மே மாத வேர்வை சொன்ன பேச்சைக் கேட்குமா? பின்னிடுப்புக் குறி மங்கிவிட்டது. ஹார்பரில் பெட்டிமேல் எழுத்து அழிந்தால் நாம் என்ன செய்வோம்? மார்க்கரை எடுத்து அதன்மேலேயே எழுதிவிடுவோம். யாரோ ஒரு மகானுபாவன் மோசஸைக் குப்புறப் போட்டு, மரப்பெட்டிக்கு எழுதுவதுபோல் கொட்டையாக ஒரு கூட்டல் போட்டுவிட்டான்.

சிகிச்சையின் முதல் நாள். அறையில் விழுந்த சிவப்பு வெளிச்சக்கோடு பக்கக் குறிகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னிடுப்பில் மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"இது நான் போட்டதில்லையே. யாரு போட்டது?"

"நான்தான் மேடம்" என்றான் மோசஸ்.

"முதுகுப்பக்கமா? நீங்களேவா?"

"கிரேன் கை மேடம். எட்டும்."

மறுபடி ஸ்கேன் எடுத்து, கணக்கும் புதிதாகப் போட வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றார் அந்த அம்மா. நான் குறுக்கே விழுந்தேன். "ஒரு விரற்கடைதானே மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி..." என்று இழுத்தேன்.

குப்புறப் படுத்தபடியே மோசஸ் கத்தினான்: "வாய மூடு மாமு! ஒரு வெரக்கட தப்புனா கண்டெய்னரு லாரில உக்காருமா? நாலு மூலயும் பூட்டுல உக்காந்தாத்தான் நான் கயித்த வுடுவேன். நீங்க மறுக்கா எடுங்க மேடம்!"

மறுக்கா எடுத்தார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் கதிர் பாய்ந்தது. கட்டி சுருண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் ஒரு தற்காலிகப் பை, பிறகு அதுவும் கழன்றது. அவன் மறுபடி கிரேன் ஏறிய அன்று எண்ணூர் வரைக்கும் கப்பல்கள் சங்கு ஊதின.

இதில் எதை நம்புவது என்பது உங்கள் பாடு. ஒரு துளி மட்டும் அப்பட்டமான நிஜம்: அந்த மார்க்கரைப் பிடித்த கை என்னுடையது. மோசஸ் கடைசிவரை அதை யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூட. எனக்காக அவன் சொன்ன அந்த 'நான்தான் மேடம்' என்ற பொய்யை மட்டும் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.