வாவல் மீன் போட்ட கத்தி

சமையல் கத்தி செய்து விற்கிற வீட்டில் போன் எடுப்பதுதான் என் வேலை. கத்தி செய்கிறவருக்கு இரும்போடு பேசத் தெரிந்த அளவு மனிதர்களோடு பேசத் தெரியாது.

செய்கிறவர் என் வீட்டுக்காரர் சலீம், நான் மச்சான் என்று கூப்பிடுவேன். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் இரும்புக் கருவிகள் செய்கிற ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தார். அங்கே ஓட்டலில் வேலை செய்த நண்பர் ஒருவர் சாணை பிடிக்கக் கொடுத்த ஜப்பான் கத்தியைக் கையில் வாங்கியவர், ஊருக்கு வந்தபின்னும் அந்த மயக்கத்திலிருந்து தெளியவில்லை. மணமேல்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வாரத்துக்கு நாலு கத்தி செய்கிறார். ஒரு கத்தி ஒரு நல்ல செல்போன் விலை. விலையைக் கேட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்து, டீ குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். வாங்குகிறவர்கள் வேறு ரகம். வீட்டில் ஏற்கெனவே பத்துக் கத்தி இருக்கும், பதினொன்றாவது கேட்பார்கள். தக்காளியை மெல்லிசாகச் சீவி வீடியோ அனுப்புவார்கள். முழங்கை முடியை மழித்துப் பார்த்துப் பார்த்தே ஒரு கை வழுவழுவென்று இருக்கும். நான் அவர்களைக் கத்திப் பைத்தியங்கள் என்பேன், அன்பாகத்தான்.

எங்கள் கத்தியில் பேர் கிடையாது, ஊர் கிடையாது. பிடிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு வாவல் மீன் இருக்கும். உப்புத் தண்ணீரும் பேட்டரியும் வைத்து அவர் பொறிப்பது. அந்த மீனை வரைந்தது நான். தொழில் தொடங்கிய வருடம் கரண்ட் பில்லின் பின்பக்கம் வரைந்தேன்.

போன வருடம் சென்னையில் உயர்ந்த ரகச் சமையல் சாமான் கடை வைத்திருக்கிற ஒருவர் காரில் வந்தார். மாதா மாதம் செய்கிறதை எல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு நிபந்தனை, மீனை எடுத்துவிட்டு என் கடைப் பெயரைப் போட வேண்டும் என்றார். மச்சான் மாட்டேன் என்று சொல்வார் என்று பார்த்தால், யோசித்துச் சொல்றேன் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் பேசாமலே சோறு போட்டேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மூன்றாம் நாள் நானே வாயைத் திறந்து சண்டை போட்டதில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு மாதத்துக்கு போன் பண்ணுகிற ஒவ்வொருவரிடமும் எங்களை முதலில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று நான் கேட்க வேண்டும். மூன்று பேர் மீனைப் பார்த்துத் தேடி வந்ததாகச் சொன்னால் மீன் இருக்கும். இல்லையென்றால் போய்விடும்.

போன் எடுக்கிற வேலையில் இருக்கிற என் கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியும். விலை கேட்பவர் ஒரு நிமிடத்தில் வைத்துவிடுவார். எப்படித் தெரியும் என்று நாம் கேட்டுவிட்டால் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிடும். அந்த மாதம் எங்கள் வீட்டில் பாதி நாள் தீய்ந்த குழம்புதான்.

விரலைப் பார்த்து வந்தவர்

முதலில் மாட்டியவர் புதுக்கோட்டையில் கிளினிக் வைத்திருக்கிற ஒரு டாக்டர். இவரும் கத்திப் பைத்தியம்தான், ஏழோ எட்டோ வைத்திருக்கிறார். அறந்தாங்கி பிரியாணி மாஸ்டர் ஒருவர் எங்களிடம் கத்தி வாங்கியிருந்தார். வாங்கிய மூன்றாம் நாள் வெங்காயத்தோடு சேர்த்து விரலையும் நறுக்கிக்கொண்டு இவரிடம் போயிருக்கிறார். டாக்டர் துணியைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஓரம் கொஞ்சமும் பிசிறில்லாமல் ரேகை போட்டதுபோல இருந்ததாம். மாஸ்டர் வலியில் துடிக்க, இவர் என்ன கத்தி, எந்த ஊர், யார் செய்தது என்று விசாரித்திருக்கிறார்.

எனக்கு உள்ளூரப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கத்தியைப் பார்த்தீர்களா, அதில் மீன் இருந்ததா என்று கேட்டேன். கத்தியை எங்கே பார்த்தேன், விரலை மட்டும்தான் பார்த்தேன் என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

“என் கைப்பட வெட்டுனாக்கூட இவ்வளவு சுத்தமா வராதுங்க. தையலப் போட்டுக்கிட்டே ஒங்க நம்பரை வாங்கிட்டேன்.”

அழவைக்காத வெங்காயம்

இரண்டாவது, காரைக்குடியில் ஒரு டீச்சர். குரலில் சிரிப்பே இல்லை, விசாரணைக்கு வந்த மாதிரிதான் பேசினார். நாத்தனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறார். நாத்தனார் உட்காரவைத்து உபசரிக்கிற ஆள் இல்லை போலிருக்கிறது, வந்ததும் இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார். டீச்சர் அரிந்து முடித்துவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெங்காயம்தான் விசேஷம் என்று நினைத்து, அதே கடையில் அதே வெங்காயம் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கத்தியால் அரிந்திருக்கிறார். தாரை தாரையாகக் கொட்டியிருக்கிறது. மறுபடியும் நாத்தனார் வீட்டுக்குத் தன் வெங்காயத்தோடு போயிருக்கிறார். அழுகை இல்லை. நாத்தனாருடைய கத்தியை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வரப் பார்த்திருக்கிறார், நாத்தனார் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறாராம், அதனால் மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் நம்பினார். கூர் மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்கும், நசுங்கினால்தான் கண் எரியும் என்று எனக்கே பாடம் எடுத்தார். இத்தனை சோதனை செய்தவர் மீனைக் கவனித்தாரா என்றால், அழுக்கு என்று நினைத்தாராம். எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாள் முடித்த விதம் இது:

“அந்த வீட்டுல என்னைய அழவைக்காத பொருள் ஒண்ணு இருக்குன்னா, அத விசாரிக்காம விட முடியுமாங்க?”

நாலு பீரோ பார்த்த பெட்டி

திருமயத்துப் பக்கத்துச் செட்டியார் ஒருவர், பெங்களூரில் ஆடிட்டராக இருக்கிறார். இவர் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு யாரோ எங்கள் கத்தியைப் பெட்டியோடு பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். கத்தியை அன்பளிப்பாக வாங்கினால் உறவு முறிந்துவிடும் என்று பெண் வீட்டில் பயம். தூக்கிப் போடவும் மனமில்லை, பெட்டி அவ்வளவு அழகு. இன்னொரு பங்காளி வீட்டு விசேஷத்துக்கு அதையே கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் அதே பயம், பெட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இப்படி நாலு வீட்டுப் பீரோவில் இருந்துவிட்டு ஐந்தாவதாக இவர் புதுமனைக்கு வந்திருக்கிறது. இவர் மட்டும்தான் பிரித்து ஒரு பப்பாளியை வெட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இப்போது அடுத்த கத்திக்குப் பேசுகிறார்.

பெட்டிக்குள் நான் எழுதி வைக்கிற பராமரிப்புச் சீட்டில் எங்கள் நம்பர் இருந்ததாம். ஆக, இதுவும் மீன் இல்லை. உறவெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்:

“எங்க பங்காளிக ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாதவுகதான். இந்தக் கத்தி ஒண்ணுதான் எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்துருக்கு.”

இரண்டாவது சீலா

ஆவுடையார்கோவில் கல் கூரையைப் போட்டோ எடுக்க வந்த சென்னை ஐ.டி. ஆள் ஒருவர், வந்தது வந்தோம் என்று மீன் வாங்கக் கோட்டைப்பட்டினம் போயிருக்கிறார். அங்கே மீன் வெட்டுகிற காளியம்மா அக்கா எங்களுக்குப் பழக்கம். புதிதாக ஒரு வடிவம் செய்தால் மச்சான் அக்காவிடம்தான் முதலில் கொடுப்பார். ஒரு நாளைக்கு நூறு மீன் வெட்டுகிற கையில் தாக்குப்பிடித்தால்தான் அது கத்தி. அக்கா ஒரு சீலா மீனைத் துண்டு போடுவதைப் பார்த்த இந்த மனிதர், முள்ளில் கத்தி இறங்குகிற சத்தமே கேட்கவில்லையே என்று அசந்துபோய், இன்னொரு தடவை பார்ப்பதற்காகவே இரண்டாவது சீலா வாங்கியிருக்கிறார். கையில் கொடுங்கள், பிடித்துப் பார்க்கிறேன் என்றதற்கு அக்கா மறுத்துவிட்டார்.

அவர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே இரண்டு சீலாவோடு வந்து நின்றார். இவர் கண்ணால் பார்த்திருப்பார் என்று ஆசையோடு மீன் முத்திரையைக் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையே என்றார். எனக்குப் பிறகுதான் உறைத்தது. அக்கா கூர் தீட்டச் சிமெண்டுப் படியில் தேய்த்துத் தேய்த்து என் வாவலை எப்போதோ கரைத்துவிட்டிருக்கிறார். ஒரு சீலாவை எங்களுக்கே கொடுத்துவிட்டு, அக்கா சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தார்:

“கத்திய மட்டும் கேக்காதீங்க தம்பி. கத்தி செஞ்ச ஆளு வீட்டுக்கு வேணும்னா வழி சொல்றேன், இங்கிட்டு நேரா போங்க.”

பழைய இரும்பு வண்டியில்

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஒருவர் கூப்பிட்டார். பொன்னமராவதிக்காரர், பஸ் கண்டக்டர், சின்ன வயதிலிருந்தே கத்தி சேர்க்கிறவர். பழைய இரும்பு வாங்குகிற வண்டி எதிரில் வந்தால் நிறுத்திக் கிளறிப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படிக் கிளறியபோது பிடி உடைந்து, துருவேறி எங்கள் கத்தி கிடைத்திருக்கிறது. யாரோ ஈரத்தோடு போட்டுவைத்து, துருப்பிடித்ததும் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். துருவைத் தேய்த்து எடுத்து, சாணை பிடித்துப் பார்த்தால், அவர் வாழ்நாளில் அப்படி ஒரு இரும்பைப் பார்த்ததில்லையாம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கத்தியில் இருந்த முத்திரையை வைத்துத்தான் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கிறதற்கு என்ன இருக்கிறது. டிரிப்பில் ஏறுகிற ஆசாரி, கொத்தனார், சமையல்காரர் எல்லாரிடமும் படத்தைக் காட்டியிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மணமேல்குடிப் பயணி ஒருவர் படத்தைப் பார்த்து, வாவல்தானே, சலீம் பாய் வீட்டுக் கத்தி என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு கண்டக்டர் திகைத்துப்போய்ச் சொன்னாராம்:

“மீனா? நான் ஆறு மாசமா மாங்கா போட்ட கத்தின்னுல்ல ஊரு பூராம் கேட்டேன்.”

கடைசியாகக் கேட்டது

அவ்வளவுதான். மூன்று வேண்டிய இடத்தில் ஒன்று, அதுவும் மாங்காய். நான் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துச் சொன்னால் மச்சான் சரிபார்க்கப்போவதில்லை. நான் சொன்னால் நம்பிவிடுவார், அதனாலேயே சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். ஒரு மீன் படம்தானே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டு பார்த்தேன், பிரயோசனமில்லை.

மறுநாள் காலையில் சென்னைக் கடைக்காரர் பதில் கேட்க வந்துவிட்டார். மச்சான் கை கழுவிக்கொண்டு வரும்வரை டீ கொடுத்து உட்காரவைத்தேன். ஒரு மாதப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. நீங்கள் முதலில் எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்னார். அவர் கடையில் சாணை பிடித்துக் கொடுக்கிற மேசை ஒன்று இருக்கிறதாம். அங்கே அவ்வப்போது எங்கள் கத்தி வரும். அதைப் பார்க்கிற மற்ற கத்திப் பைத்தியங்கள், இந்த மீன் போட்ட கத்தி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இவரிடம் இல்லை. எங்கே வாங்கியது என்று கத்தி கொண்டுவந்தவர்களைக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். ஊர் தெரிந்துவிட்டால் எல்லாரும் ஆர்டர் கொடுத்து, தங்கள் அடுத்த கத்தி தள்ளிப்போய்விடும் என்ற பயம். ஒருவர் கூரியர் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்தபோதுதான் எங்கள் ஊர் பெயர் இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

மச்சான் அப்போது துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் மட்டும், ஜனங்கள் மீனைக் கேட்டுத்தானே வருகிறார்கள், பிறகு அதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

“அந்த மீன் இருந்தா, என் கடைய விட்டுட்டு ஒங்களத் தேடி வந்துருவாங்களேம்மா.”

மச்சான் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து வருடத்தில் ஒரு வியாபாரியிடம் எனக்கு முந்திக்கொண்டு அவர் முடிவு சொன்னது அன்றைக்குத்தான்.

“அப்ப அது இருக்கட்டுங்க. டீ ஆறுது, குடிங்க.”

கடைக்காரர் முதல் தடவை வந்த அன்றே இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் ஒரு மாதத் தீய்ந்த குழம்பும் மிச்சமாகியிருக்கும், ஆனால் போன் எடுக்கிறவளுக்கு நேரில் வந்து உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கேட்க எங்கே தோன்றுகிறது.